தாய்க்கு எச்.ஐ.வி. இருந்தால்: பால் தேங்காமல், எடை குறையாமல் குழந்தையை வளர்ப்பது எப்படி

எச்.ஐ.வி. உள்ள தாய்க்குக் குழந்தை பிறந்தால் வீட்டில் இரண்டு கேள்விகள் எழும். பால் வழியாக நோய் குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளுமா? அப்படியே கொடுத்தாலும் அந்தப் பால் குழந்தையின் உடம்பில் ஒட்டுமா? இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதால்தான் தப்பு நடக்கிறது. நோய்க்குப் பயந்து பாலைக் குறைப்பார்கள், குழந்தை மெலியும். மெலிகிறதே என்று புட்டிப்பாலைக் கலப்பார்கள், நோய் ஒட்டும் வாய்ப்பு கூடும். உண்மையில் இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். தாய் எச்.ஐ.வி. மாத்திரையை விடாமல் எடுக்க வேண்டும், மார்பில் பால் தேங்கக் கூடாது. வடசென்னையில், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, இதை வீட்டிலேயே எப்படிச் செய்வது என்பதுதான் இங்கே.

பாலில் என்ன மாறுகிறது

தாய்ப்பால் 100 மி.லி.யில் சுமார் 87 பங்கு தண்ணீர். 7 கிராம் பால் சர்க்கரை, 3.5 முதல் 4 கிராம் கொழுப்பு, 1 கிராம் அளவுக்குப் புரதம். மொத்தம் 65 முதல் 70 கலோரி. மருந்து ஒழுங்காக எடுக்கும் தாயின் பாலில் எச்.ஐ.வி. இந்தக் கணக்கைக் குலைப்பதில்லை. ஆராய்ச்சிகளில் சில வேறுபாடுகள் தெரிந்தது உண்மை. ஜாம்பியாவில் மருந்து தொடங்காத தாய்மாரின் பால் மாதிரிகளில் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் குறைவாக இருந்தது. நோய் எதிர்ப்புச் சக்தி நன்றாகக் குறைந்துவிட்ட தாய்மாரின் பாலில் சில சர்க்கரைக் கூட்டுகளின் விகிதமும் மாறியிருந்தது. இவை சிகிச்சை இல்லாத உடம்பின் நிலையைக் காட்டுபவை. அதை வைத்துக்கொண்டு ‘உன் பாலில் சத்தில்லை’ என்று மாத்திரை எடுக்கும் பெண்ணிடம் யாரும் சொல்லக் கூடாது.

முதலில் வரும் பால் நீலம் கலந்து தண்ணீராகத் தெரியும். ஒரு பக்கம் குடித்து முடியும் நேரத்தில் வருவது கெட்டியாக இருக்கும், கொழுப்பு அதில்தான் அதிகம். இது எல்லாத் தாய்க்கும் பொது. நீர்த்த பாலைப் பார்த்து நோயின் மேல் பழி போட வேண்டாம். வைட்டமின் ஏ, பி வகைகள், அயோடின் ஆகியவை மட்டும் தாயின் சாப்பாட்டைப் பொறுத்து ஏறி இறங்கும். கால்சியம், இரும்பு, துத்தநாகம் பாலில் பெரிதாக மாறாது, குறைந்தால் தாயின் சேமிப்பிலிருந்துதான் போகும்.

பாலூட்டும் காலத்தில் தாய்க்கு நாளுக்குக் கூடுதலாக 500 கலோரி தேவை. இரண்டு இட்லி சாம்பார், ஒரு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு டம்ளர் பால் என்று வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் சேர்த்தாலே அது வந்துவிடும். பால் சுரக்கச் சுறாப்புட்டு செய்து போடுவது காசிமேட்டுப் பக்கத்து வழக்கம். அதை மாதத்துக்கு ஒன்றிரண்டு முறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். நெத்திலியும் மத்தியும் விலையும் குறைவு, சத்தும் அதிகம்.

எது வைரஸைக் கூட்டுகிறது

மார்பில் பால் சுரக்கும் செல்கள் ஒன்றோடொன்று நெருக்கமாகப் பூட்டிக்கொண்டிருக்கும். பால் தேங்கினால் அழுத்தம் ஏறி அந்தப் பூட்டு தளர்கிறது. இரத்தத்தில் இருக்கும் உப்பு, அழற்சிச் செல்கள், கூடவே வைரஸ் எல்லாம் பாலுக்குள் கசிகின்றன. அந்தப் பால் கரிக்கும். சுரப்பும் குறையும். சிவப்போ காய்ச்சலோ வெளியே தெரியாமலே இது நடக்கலாம். ஆக, குழந்தையின் எடை ஏறாமல் போவதும் பாலில் வைரஸ் கூடுவதும் ஒரே நேரத்தில், ஒரே காரணத்தால் நடக்கின்றன.

பால் மூன்று வழிகளில் தேங்கும். குழந்தை காம்பை மட்டும் கவ்விக் குடிப்பது முதல் வழி. இரண்டாவது, நடுவில் வேறு எதையாவது கொடுத்து வயிற்றை நிரப்புவது. மூன்றாவது, ஒரே நாளில் பாலை நிறுத்துவது. இதில் இரண்டாவதற்கு இன்னொரு கெடுதலும் உண்டு. வேறு பாலும் தண்ணீரும் குழந்தையின் குடல் சவ்வைப் புண்ணாக்கி, வைரஸ் நுழைய வழி செய்கின்றன. தாய் மருந்து எடுக்காத காலத்தில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்த ஆய்வு, தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளைவிடக் கலந்து குடித்த குழந்தைகளுக்கே தொற்று அதிகம் என்று 1999-இலேயே காட்டியது.

மாத்திரை எடுத்து இரத்தத்தில் வைரஸ் அடங்கிவிட்டால் பால் வழியாகத் தொற்றும் வாய்ப்பு 100-இல் 1-க்கும் கீழே போய்விடுகிறது. ஆப்பிரிக்க நாடுகளிலும் இந்தியாவிலும் நடந்த பிராமிஸ் ஆய்வில் அது 6 மாதத்தில் 0.3 சதவீதம், 12 மாதத்தில் 0.6 சதவீதம். பூஜ்யம் என்று சொல்ல முடியாததற்குக் காரணம் உண்டு. பாலில் மிதக்கும் வைரஸை மருந்து சீக்கிரம் அடக்கிவிடும், பாலில் உள்ள செல்களுக்குள் ஒளிந்திருப்பது மெதுவாகத்தான் குறையும். மார்பைக் கவனிக்க வேண்டிய அவசியம் அதனால்தான் மாத்திரைக்குப் பிறகும் இருக்கிறது.

பிரசவத்துக்கு முன்பே முடிக்க வேண்டியவை

கர்ப்பத்தின் 32 முதல் 36 வாரத்துக்குள் வைரல் லோடு பரிசோதனை, அதாவது இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று அளப்பது, முடிந்திருக்க வேண்டும். எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் ஸ்டான்லி மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. மையத்திலோ, நீங்கள் பதிந்திருக்கும் வேறு மையத்திலோ கேட்டு வாங்குங்கள். அந்தச் சீட்டு இல்லாமல் பிரசவத்துக்குப் போனால், குழந்தையை ‘அதிக ஆபத்து’ கணக்கில் வைத்து இரண்டு சிரப் கொடுப்பார்கள். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனையில் பிரசவம் என்றால் சீட்டின் நகலைத் தாய் சேய் நல அட்டையோடு சேர்த்து வைத்துவிடுங்கள். வலி வந்த நேரத்தில் பீரோவைக் குடைய முடியாது.

இப்போது பெரும்பாலோர் எடுப்பது டி.எல்.டி. என்ற ஒரே மாத்திரை: டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம். இதில் ஒரு சிக்கலைப் பலரும் கவனிப்பதில்லை. கர்ப்பிணிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் கட்டாயம் கொடுப்பார்கள். வெறும் வயிற்றில் அவற்றோடு டி.எல்.டி.யையும் போட்டால் டோலுடெக்ராவிர் அவற்றோடு ஒட்டிக்கொண்டு, கணிசமான பகுதி உடம்பில் சேராமலே வெளியேறிவிடும். மாத்திரையை ஒருநாள்கூட விடாதவளுக்கும் வைரல் லோடு ஏறலாம். அதனால் டி.எல்.டி. போட்டு 2 மணி நேரம் கழித்தோ, போடுவதற்கு 6 மணி நேரம் முன்போ அவற்றை எடுங்கள். ஒன்றாக எடுத்தே ஆக வேண்டும் என்றால் வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் எடுங்கள். எளிய வழி: கால்சியமும் இரும்பும் காலையிலும் மதியமும், டி.எல்.டி. இரவு படுக்கப் போகும்போது. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலுசில் மாதிரியான மருந்துக்கும் இந்த 2 மணி, 6 மணிக் கணக்கு உண்டு, அதற்குச் சாப்பாட்டுச் சலுகை கிடையாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் கூடுதலாக இன்னொரு வேளையும் தேவை, டாக்டர் எழுதிக் கொடுப்பார்.

பிறந்த முதல் மணி நேரமும் முதல் வாரமும்

ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். சர்க்கரைத் தண்ணீரில் சேனை வைப்பது, தேன் தொட்டு வைப்பது, கழுதைப்பால் சங்கில் ஊற்றுவது, உரை மருந்து, வசம்பு, கிரைப் வாட்டர் எதுவும் 6 மாதம் வரை வேண்டாம். கொடுங்கையூர், வியாசர்பாடித் தெருக்களில் கழுதையோடு வந்து கறந்து கொடுப்பவரை வீட்டுப் பெரியவர்கள் ஆசையாகக் கூப்பிடுவார்கள். ஒரு சங்கு பச்சைப் பாலில் வரும் கிருமியே வயிற்றுப்போக்குக்குப் போதும்.

வீட்டில் எல்லோருக்கும் தாயின் நோய் தெரிந்திருக்காது, தெரிய வேண்டிய கட்டாயமும் இல்லை. “ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு அத்தை, தண்ணிகூட வேணாம்னாரு” என்றால் போதும். எல்லாக் குழந்தைக்கும் இதே விதி என்பதால் பொய்யும் இல்லை, யாருக்கும் சந்தேகமும் வராது. சுகாதார நிலையத்து சிஸ்டரை வீட்டுக்கு வரவழைத்து இதையே மாமியார் முன்னால் சொல்லச் சொன்னால் இன்னும் நல்லது. மருந்தும் தடுப்பூசிச் சொட்டும் இந்தத் தடையில் சேராது.

குழந்தைக்குத் தொற்றைத் தடுக்கும் நெவிரபின் சிரப் பிறந்தவுடன் தொடங்கும். 1 மி.லி.யில் 10 மில்லிகிராம் உள்ள சிரப்பில், பிறந்த எடை 2.5 கிலோவுக்கு மேல் என்றால் நாளுக்கு ஒருமுறை 1.5 மி.லி.; 2 முதல் 2.5 கிலோ என்றால் 1 மி.லி. அதற்கும் குறைந்த எடைக்குக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று டாக்டர் கணக்கிட்டு எழுதுவார். 6 வாரம் கொடுக்க வேண்டும். தாயின் வைரல் லோடு அடங்காத, அல்லது 32 வாரத்துக்குப் பிறகு பார்க்கவே படாத நிலையில் சிடோவுடின் சிரப்பும் சேரும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை என்றால் இரண்டும் 12 வாரம் வரை போகும். பாட்டிலைக் குலுக்கிவிட்டு சிரிஞ்சில் அளந்தெடுங்கள், கரண்டி வேண்டாம். சிரிஞ்சை உள்கன்னத்துப் பக்கம் வைத்துச் சிறிது சிறிதாக விடுங்கள்.

மார்பைப் பார்க்கும் முறை

குழந்தை வாயை அகலத் திறந்து, காம்போடு அதைச் சுற்றிய கருவளையத்தின் பெரும்பகுதியையும் கவ்வ வேண்டும். தாடை மார்பில் பதிய வேண்டும், கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும், மேலே கருவளையம் கீழேயுள்ளதைவிட அதிகம் தெரிய வேண்டும். ‘சப் சப்’ என்று சத்தம் வந்தாலோ, கன்னம் குழிந்தாலோ, உங்களுக்கு வலித்தாலோ கவ்வல் சரியில்லை. சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டு உறிஞ்சலை விடுவித்து மறுபடி வையுங்கள். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை, இரவிலும் சேர்த்து. ஒரு பக்கம் முழுக்க முடிந்த பிறகே அடுத்த பக்கம்.

தினமும் குளிக்கும்போது இரு மார்பையும் விரல்களால் தடவிப் பாருங்கள். கட்டி, சூடு, ஒரு பக்கம் மட்டும் கனம், காம்பில் வெடிப்பு, இரத்தம்: இதில் ஒன்று இருந்தாலும் அந்தப் பக்கத்துப் பாலை நேரடியாகக் கொடுக்காதீர்கள். நல்ல பக்கத்தில் குடிக்கட்டும். கெட்ட பக்கத்தைக் கையால் பீய்ச்சி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், குழந்தை குடிக்கும் அதே எண்ணிக்கையில். பீய்ச்சாமல் விட்டால் கட்டு முற்றிச் சீழ் வைக்கும், மேலே சொன்ன கசிவும் கூடும். காய்ச்சல் வந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். வலி இல்லாவிட்டாலும் ஒரு பக்கப் பாலை மட்டும் குழந்தை மறுத்தால் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் அந்தப் பக்கம் தேங்கியிருக்கிறது.

குழந்தையின் வாயையும் பாருங்கள். நாக்கில் உள்ள வெள்ளை துணியால் துடைத்தும் போகவில்லை என்றால் அது வாய்ப்பூஞ்சை. வாய்ப்புண் வழியாகவும் வைரஸ் நுழையும். குழந்தைக்கும் தாயின் காம்புக்கும் சேர்த்தே மருந்து போட வேண்டும், ஒருவருக்கு மட்டும் போட்டால் திரும்பத் திரும்ப வரும்.

பீய்ச்சிய பாலைச் சூடாக்கிக் கொடுக்கலாம்

மார்பில் புண் ஆறும்வரை, எடை குறைந்த குழந்தை உறிஞ்சப் பழகும்வரை, ஊரில் மாட்டிக்கொண்டு மாத்திரை சில நாள் தடைபட்டபோது, பாலை நிறுத்தும் மாதத்தில் இந்த முறை உதவும். சீழோ இரத்தமோ கலந்த பாலுக்கு வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

சோப்புப் போட்டுக் கை கழுவி, வெந்நீரில் கொதிக்கவைத்த கண்ணாடி ஊறுகாய் பாட்டிலில் 50 முதல் 150 மி.லி. வரை பீய்ச்சுங்கள். மூடாமல் ஒரு சிறு அலுமினியப் பாத்திரத்தில் நிறுத்தி, பால் மட்டத்துக்கு இரண்டு விரல் உயரம் மேலே நிற்கும்படி சாதாரணத் தண்ணீர் ஊற்றுங்கள். அடுப்பைப் பெரிதாக வையுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அந்த நிமிடமே பாட்டிலைத் துணியால் பிடித்து எடுத்துவிடுங்கள். அதற்குள் பால் சுமார் 73 டிகிரி வரை போயிருக்கும், பாலில் மிதக்கும் வைரஸ் செயலிழக்க அது போதும். சத்தும் எதிர்ப்புப் புரதங்களும் பெருமளவு தங்கும். பாலையே நேராக அடுப்பில் வைத்துப் பொங்கவிட்டால் அந்தப் புரதங்கள் திரிந்துபோகும். சிறு தீயில் வைத்தால் நேரம் இழுக்கும், சத்து வீணாகும். சூடான பாட்டிலைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் விரிசல் விடும்; மூடி, மேசையில் ஆறவிடுங்கள். சென்னை வெயிலுக்கு 4 மணி நேரத்துக்குள் சங்கிலோ பாலாடையிலோ கொடுத்து முடியுங்கள். ரப்பர் நிப்பிள் பழகினால் மார்பில் சரியாகக் கவ்வ மறுக்கும்.

எடைதான் முதல் எச்சரிக்கை

எச்.ஐ.வி. தொற்றாத குழந்தையாக இருந்தாலும், தாய்க்கு எச்.ஐ.வி. இருந்தால் பிறப்பு எடையும் முதல் வருட உயரமும் சராசரியில் கொஞ்சம் குறைவாக இருப்பது பல நாட்டு ஆய்வுகளில் தெரிந்த விஷயம். நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் அதிகம் வரும். காரணங்கள் கலந்தவை: குறைமாதப் பிரசவம், தாயின் எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்தது, வீட்டில் காசநோய், வறுமை, பயந்து சீக்கிரம் பாலை நிறுத்தியது. கடைசிக் காரணம் மட்டும் முழுக்க நம் கையில் இருக்கிறது.

முதல் சில நாளில் பிறந்த எடையில் 10 சதவீதம் வரை குறையலாம். 2.8 கிலோ குழந்தை 2.52-க்குக் கீழே போகக் கூடாது. 10 முதல் 14 நாளில் பிறந்த எடை திரும்ப வேண்டும். அதன் பிறகு முதல் 3 மாதம் நாளுக்கு 20 முதல் 30 கிராம். ஒரு மாதத்தில் 500 கிராம்கூட ஏறவில்லை என்றால் புட்டியைத் தேடாமல் முதலில் கவ்வலையும் மார்பையும் பாருங்கள், உங்கள் வைரல் லோடையும் கேளுங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினம் 6 முறைக்கு மேல் சிறுநீர் போனால் பால் போதுகிறது.

6 மாதத்தில் ஆண் குழந்தையின் நடு எடை 7.9 கிலோ, பெண்ணுக்கு 7.3. முறையே 6.4, 5.7-க்குக் கீழே இருந்தால் எடைக்குறைவு. 12 மாதத்தில் நடு எடை 9.6, 8.9, கீழ்க்கோடு 7.7, 7.0. ஆனால் ஒரு நாளின் எடையைவிட அட்டையில் கோடு போகும் திசைதான் முக்கியம். புதன்கிழமை தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் துணியில்லாமல், அதே தராசில் எடை போட்டு அட்டையில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். கோடு இரண்டு முறை தொடர்ந்து படுத்தால் அடுத்த மாதம் வரை காத்திருக்காதீர்கள். 3 மாதத்துக்கு ஒருமுறை படுக்கவைத்து நீளமும் அளக்கச் சொல்லுங்கள், குள்ளமாவது தராசில் தெரியாது. 6 மாதத்துக்குப் பிறகு மேல்கையின் சுற்றளவை அளக்கும் நாடா 11.5 செ.மீ.க்குக் கீழே காட்டினால் உடனே ஆஸ்பத்திரி.

6 வாரத்தில் எச்.ஐ.வி. பரிசோதனைக்காகக் குதிகாலில் குத்திக் காகித அட்டையில் இரத்தம் எடுப்பார்கள். அன்றே வேறு கிருமிகள் தொற்றாமல் காக்கும் கோட்ரைமாக்சசோல் சிரப்பும் தொடங்கும், 5 கிலோவுக்குக் கீழே தினம் 2.5 மி.லி., 5 முதல் 10 கிலோ வரை 5 மி.லி. 6, 12 மாதங்களில் மறுபரிசோதனை. எந்தக் கட்டத்திலாவது தொற்று தெரிந்தால் குழந்தைக்கு உடனே மருந்து தொடங்கும். அப்போது தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, 2 வயது வரை கொடுக்கலாம். அந்தக் குழந்தைக்கு அதைவிட நல்ல உணவு இல்லை.

ஆறு மாதத்துக்குப் பிறகு

தாய்ப்பாலோடு திட உணவு சேரும் நேரம். 6 முதல் 8 மாதம் வரை நாளுக்கு 2 அல்லது 3 வேளை, இரண்டு மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கி அரைக் கிண்ணம் வரை. 9 மாதம் முதல் 3 அல்லது 4 வேளை. கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் நிற்க வேண்டும். எடை படுக்கும் வீடுகளில் பெரும்பாலும் காரணம் தண்ணீர்க் கஞ்சியும் ரசம் சாதமும்தான். அரிசி இரண்டு பங்கு, பாசிப்பருப்பு ஒரு பங்கு குழைய வேகவைத்து, ஒரு கரண்டி நெய், மசித்த முருங்கைக்கீரை அல்லது கேரட். வாரம் சில நாள் முட்டை, முள் நீக்கிய மீன். அங்கன்வாடி சத்துமாவைக் குழந்தைக்கே கொடுங்கள், வீட்டில் எல்லோருக்கும் உருண்டை பிடித்துவிடாதீர்கள். லாரித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ, கொதிக்கவைத்து ஆறியதுதான்.

பாலை நிறுத்துவது

நம் நாட்டு வழிகாட்டுதல்படி, தொற்றில்லாத குழந்தைக்கு 12 மாதம் வரை கொடுத்து, பிறகு ஒரு மாதம் எடுத்துக்கொண்டு படிப்படியாக நிறுத்த வேண்டும். வேப்பெண்ணெய் தடவி ஒரே நாளில் மறக்கடிப்பது இங்கே ஆபத்து. ஜாம்பியாவில் 4 மாதத்தில் திடீரென்று நிறுத்திய தாய்மாரின் பாலில் வைரஸ் ஏறியது, குழந்தைகளும் மெலிந்தார்கள். நான்கைந்து நாளுக்கு ஒரு வேளையை விடுங்கள், பகல் வேளையில் தொடங்குங்கள். மார்பு கனத்தால் வலி தணியும் அளவுக்கு மட்டும் பீய்ச்சுங்கள். அந்த இடத்தைக் காய்ச்சிய ஆவின் பாலும் கூடுதலாக ஒரு வேளைச் சாப்பாடும் பிடிக்க வேண்டும். மாத்திரை தாய்க்கு எப்போதும் போலத் தொடரும்.

தாய் இல்லாத குழந்தைக்கோ, டாக்டரோடு பேசி முடிவெடுத்தவர்களுக்கோ முதல் நாளிலிருந்தே பவுடர் பால் என்றால், அதுமட்டும்தான் கொடுக்க வேண்டும். கிலோவுக்கு நாளுக்கு 150 மி.லி., கொதித்து 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீரில், டப்பாவில் சொன்ன அளவுக்குத் தலைதட்டிய கரண்டி. கலக்கி 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். மாதக் கடைசியில் டப்பா தீர்ந்துபோகாமல் நீட்டிக்கத் தண்ணீர் சேர்த்தால் குழந்தை இளைத்துவிடும். ஆறு மாதமும் வாங்க முடியுமா என்று முதலிலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

18 மாதத்தில் கடைசிப் பரிசோதனை. அதற்குப் பிறகும் பால் குடித்திருந்தால், நிறுத்தி 3 மாதம் கழித்து. அது வரை கோட்ரைமாக்சசோல் சிரப்பை நீங்களாக நிறுத்த வேண்டாம். மையத்தில் யாராவது உங்கள் நிலையைப் பிறர் காதில் விழப் பேசினால் 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் அதைத் தடுக்கிறது, சொல்லிக் கேளுங்கள். வெளியே கேட்கத் தயக்கமாக இருந்தால் எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குக் கட்டணமில்லாமல் அழைக்கலாம், எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்து ஆலோசகரிடமும் பேசலாம். போகும்போது எடை அட்டையைக் கையில் எடுத்துப் போங்கள்.